பால் முக்கால், காப்பி கால்



போர்த்துகலின் தலைநகர் லிஸ்பனில் காலை வேளை. ஒருவர் காப்பிக் கடைக்குள் நுழைந்து 'காப்பி' என்று மட்டும் கேட்டால், சின்னக் கோப்பையில் கெட்டியான கறுப்புக் காப்பிதான் வரும். பால் சேர்ந்த காப்பிக்குத் தனிப் பெயர்கள் உண்டு. கோப்பையில் பாதிக்குப் பாதி கலந்தால் 'மெய்யா டி லெய்ட்'. உயரமான கண்ணாடிக் குவளையில் காப்பி ஒரு பங்கு, நுரைத்த பால் மூன்று பங்கு என்றால் அதன் பெயர் 'கலாவ்'. 'கங்கை' என்பதன் முதல் எழுத்தைப் போல ஒலிக்க வேண்டும். வெண்ணெய் தடவிய ரொட்டியோடு அதைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே ஏராளம்.

இதை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு குவளைக்கு 20 கிராம் காப்பித்தூள், 360 மில்லி பசும்பால் போதும். தூளில் சீனியோ மார்ஜரினோ சேர்த்து வறுத்திருக்கக் கூடாது. சுத்தமான தூளாக இருக்கட்டும். பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரில் தூளைப் போட்டு, 160 மில்லி கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள். சுமார் 120 மில்லி டிகாஷன் இறங்கும். குவளைக்கு 60 மில்லி அது.

பாலைச் சூடாக்குங்கள், பொங்க விடாதீர்கள். பொங்கிய பாலில் ஆடை படியும், சுவையும் மாறும். நுரைக்கு இயந்திரம் தேவையில்லை. தே தாரிக் இழுப்பது போல இரண்டு குவளைகளில் ஏழெட்டு முறை ஆற்றினால் போதும். கண்ணாடிக் குவளையில் ஒரு கரண்டியை நிறுத்தி, முதலில் டிகாஷன், பிறகு பால், கடைசியில் நுரை. கெட்டிப்பால் வேண்டாம். சீனியை அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

முக்கால் பங்கு பாலில் கால் பங்கு காப்பி எப்படித் தாக்குப்பிடிக்கிறது? போர்த்துகீசியர் காப்பிக் கலவையில் ரொபஸ்டா கொட்டை சேர்ப்பது வழக்கம். அரபிக்காவைவிடக் கசப்பு கூடியது; காஃபினும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எத்தனை பால் ஊற்றினாலும் அதன் குரல் அடங்காது.

அந்த ரொபஸ்டா பழக்கம் லிஸ்பனுக்கு வந்தது ஆப்பிரிக்காவிலிருந்து. போர்த்துகலின் காலனியாக இருந்த காலத்தில் அங்கோலா, உலகின் முன்னணிக் காப்பி நாடுகளில் ஒன்றாக இருந்தது. அதன் வடபகுதித் தோட்டங்களுக்கு, நடுப்பகுதி மேட்டு நிலத்து ஏழைகளை 'ஒப்பந்தம்' என்ற பெயரில் கொண்டுபோனார்கள். பெயர்தான் ஒப்பந்தம், பலருக்கு அது கட்டாய வேலை.

1961 மார்ச் 15-ஆம் நாள் அந்தக் காப்பி வட்டாரத்தில் கிளர்ச்சி வெடித்தது. தோட்டக்கார வெள்ளையர்கள் மட்டுமல்ல, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த ஏழைத் தொழிலாளர்களும் வெட்டுண்டார்கள். பதிலடியில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் மாண்டார்கள். பெரும்பாலான ஆப்பிரிக்கர்களுக்குக் குடியுரிமையை மறுத்துவந்த சட்டத்தை லிஸ்பன் அரசு அதே ஆண்டு செப்டம்பரில்தான் நீக்கியது. போர் ஓயவில்லை. 1975 நவம்பர் 11-இல் அங்கோலா விடுதலை பெற்றது. இன்று போர்த்துகல் ரொபஸ்டாவை வியட்நாம், உகாண்டா போன்ற நாடுகளில் வாங்குகிறது. நாக்கு மட்டும் பழைய கசப்பை மறக்கவில்லை.

இந்தக் கதை மலேசியத் தமிழர்களுக்கு அந்நியமானதா? தோட்டம் என்றதும் ரப்பர் மரம்தான் பலருக்கு நினைவில் வரும். ஆனால் ரப்பருக்கு முன்பே இந்த மண்ணில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890-களில் சிலாங்கூரில் காடழித்துக் காப்பிச் செடி நட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். பிரேசிலில் விளைச்சல் பெருகி விலை சரிந்தபோது முதலாளிகள் ரப்பருக்கு மாறினார்கள். செடி மாறியது, வேர்வை சிந்திய கைகள் மாறவில்லை. அங்கோலாவில் நடந்ததும் இங்கே நடந்ததும் ஒன்றல்ல. ஆனாலும் தூர நாட்டு மேசைக்காகக் கொட்டை பறித்த கை எப்படியிருக்கும் என்பது இங்குள்ள குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்காகக் காப்பியை வெறுக்க வேண்டியதில்லை, நேயர்களே. லிஸ்பனில் காலையில் கலாவ் குடிக்கும் தொழிலாளி யாருக்கும் தீங்கு நினைத்தவரல்ல. குடிப்பதைத் தெரிந்து குடிப்பது நல்லது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு இரண்டு குவளைக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒன்றை உங்களுக்கு வைத்துக்கொண்டு, மற்றொன்றை வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். நுரை அடங்குவதற்குள், "உங்கள் அப்பா எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்?" என்று கேளுங்கள். காப்பி ஆறிப்போனாலும் பரவாயில்லை. மறுபடி சுட வைத்துக்கொள்ளலாம். கேட்காமல் விட்ட கதையை அப்படி மீட்க முடியாது.