நீதி கேட்ட கைம்பெண்
(வானொலி மறையுரை)



2024 மார்ச் 1 அன்று பெங்களூரு இராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! புலனாய்வு முடியவில்லை, மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்து மூன்றே நாள், ஒன்றிய அமைச்சர் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வைத்த குண்டு என்று பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். கைதானவர்கள் கர்நாடகத்தவர் என்று செய்தி வந்தபோது நம்மில் சிலருக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. ஒரு கணம் எனக்கும்தான். காயப்பட்டவர்களை அப்போது யார் நினைத்தோம்?

இன்றைய நற்செய்தியில் ஒரு கைம்பெண் நேர்மையற்ற நடுவரிடம் திரும்பத் திரும்பப் போய் நீதி கேட்கிறார். அவருக்குத் துணைக்கு யாரும் வரவில்லை. இந்தக் காலமாக இருந்தால் வந்திருப்பார்கள், தேர்தல் முடியும்வரை.

இலங்கையைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று விடுதிகள். 260 பேருக்கு மேல் இறந்தார்கள். திருப்பலிக்கு வந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அடுத்த மாதமே, ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. நவம்பரில் தேர்தல், நாட்டின் பாதுகாப்பே பேச்சு, கோத்தபய ராஜபக்ச வென்றார்.

தாக்குதல் பற்றி இந்தியா முன்கூட்டியே எச்சரித்திருந்தது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பின்னால் நின்று இயக்கியவர் யார்? கர்தினால் மால்கம் ரஞ்சித் விடாமல் கேட்கிறார். அதற்குள் மூன்று அதிபர்கள் வந்துவிட்டார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் பிறந்த புவெனஸ் ஐரிஸிலும் இதே கதைதான். 1994 ஜூலை 18 அன்று யூதர் மையத்தில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். வழக்கை விசாரித்த அரசு வழக்குரைஞர் நிஸ்மான், அதிபரே உண்மையை மறைக்க முயன்றதாகக் குற்றம் சாட்டினார். 2015 ஜனவரியில், நாடாளுமன்றக் குழுவின் முன் பேசவிருந்ததற்கு முந்தைய நாள், வீட்டில் குண்டடிபட்டுப் பிணமாகக் கிடந்தார். கொலை என்றது ஒரு கட்சி, தற்கொலை என்றது இன்னொன்று. கட்சியைக் கேட்டால் போதும், அவர் எப்படி இறந்தார் என்று அவர்கள் சொல்லப்போவதும் தெரிந்துவிடும் என்றாயிற்று. அந்த 85 வீட்டாரின் வழக்கு பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

இன்றைய மன்றாட்டில் அந்த வீட்டாரையும், கட்டுவாப்பிட்டித் தாய்மாரையும், கஃபேயில் காயப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்வோம். நாம் விட்ட அந்த ஒரு கணத்து மகிழ்ச்சிக்காக மன்னிப்பும் கேட்போம்.