மரண பயமும் மற்ற ஜீவன்களும்

(ஈஜிபுராவில் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2017-ல் ஈஜிபுரா மேம்பால வேலை ஆரம்பித்தது. "நாம் இருக்கும்போதே இது முடியுமா?" என்று எங்கள் வாக்கிங் கோஷ்டி பல வருஷம் கேட்டுச் சிரித்திருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது பாதிச் சிரிப்புதான். ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால் மீதிப் பாதி எதிரில் வந்து நிற்கும்.

நான் பி.எஸ்ஸி. படித்தவன். ஆகவே முதலில் விஞ்ஞானத்தில் தேடினேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-ல் நோபல் பரிசு பெற்றது ரைபோசோம் ஆராய்ச்சிக்காக. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் பட்டறை அது. அவர் ஆராய்ந்தது வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமை. அளவிலும் சில பாகங்களிலும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் மூல வேலை வேப்பமரத்திலும் காக்கையிலும் நம்மிலும் ஒன்றேதான். 300 கோடி வருஷத்துக்கு மேலாக அறுபடாமல் கைமாறி வந்த சொத்து! அதே வெங்கி, நாம் ஏன் சாகிறோம் என்பதைப் பற்றியே 2024-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார்.

"இதனால் எனக்கென்ன ஆறுதல், சார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தெரிந்துகொள்வது வேறு, உணர்வது வேறு. உணர்ந்தவரைத் தேடித் திருவண்ணாமலைக்குத்தான் போக வேண்டும்.

ரமண மகரிஷி 1896-ல், மதுரையில், 16 வயதில் மரண பயத்தை நேருக்கு நேர் சந்தித்து, சாவது உடம்புதான் என்று தெளிந்தவர். 1922-ல் தாயார் அழகம்மாளின் கடைசி நேரத்தில் தலையிலும் மார்பிலும் கை வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார். 1948 ஜூனில் ஆசிரமப் பசு லட்சுமிக்கும் அப்படியே செய்தார். பசு, மான், காக்கை, நாய் எல்லாவற்றுக்கும் அங்கே சமாதி உண்டு. அடுத்த முறை போனால் அவசியம் பாருங்கள். 1949-ல் அவர் இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்குப் பலமுறை அறுவை சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14, சித்தியடைந்த அன்றும் பக்தர்களுக்குத் தரிசனம் தந்தார். தாயையும் பசுவையும் ஒரே மாதிரி வழியனுப்பியவருக்குத் தன் முறை வந்தபோது பதற்றமே இல்லை.

அந்த உயரம் நமக்கு எட்டாது. ஆனால் பெரியவர்கள் நமக்கும் ஒரு சின்னப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். தர்ப்பணத்தின் முடிவில், தாய், தகப்பன், பந்து என்று யாருமில்லாதவர்களுக்கும் எள்ளும் ஜலமும் விடுகிறோமே! சாஸ்திரிகள் அந்த இடத்தைக் கடகடவென்று சொல்லி முடிப்பார். நாமும் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்போதெல்லாம் அங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன். மொட்டை மாடியில் காக்கைக்குச் சாதம் வைத்துவிட்டு உடனே இறங்குவதில்லை. அது தின்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

ராத்திரி 2 மணி பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். முன்னைப்போல் விடியும்வரை உட்கார வைப்பதில்லை.