பழைய பதக்கங்களைப் பாதுகாப்போம்

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, எடை போட்டு, களைப்போடு இங்கு வந்திருக்கின்றீர்கள். ஆகவே உரையை நீட்ட விரும்பவில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், சில வீடுகளின் தகரப் பெட்டிக்குள் அடியில் கிடக்கும் பழைய இராணுவப் பதக்கங்களும் அவற்றைத் தாங்கும் வண்ண நாடாக்களும் ஆகும்.

தோட்டத்து வீட்டில் பதக்கம் எப்படி வந்தது என்று இளைஞர்கள் கேட்கலாம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. அக்காலத்தில் தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் மலாய் இளைஞர்கள். இந்தியரும் அவர்களோடு தோள் கொடுத்து நின்றனர். படையிலும் போலீசிலும் பணியாற்றியோருக்கு ‘மலாயா’ என்னும் சொல் பொறித்த பட்டையுடன் பொதுச் சேவைப் பதக்கம் வழங்கப்பட்டது. ஊதா நிற நாடாவின் நடுவே பச்சைக் கோடு ஓடும் வெள்ளிப் பதக்கம் அது. அதற்கு முன்னர் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர்கள் 1939-45 போர்ப் பதக்கம் பெற்றிருந்தனர்.

“அரசர் தலை பொறித்த பதக்கம் இனி நமக்கு எதற்கு? அந்த ஆட்சியே 1957இல் போய்விட்டதே!” என்று சிலர் கூறுகின்றனர். ஆட்சி போனது உண்மையே. ஆனால், இரவெல்லாம் முள்வேலியருகே விழித்திருந்தவர் நம் பாட்டனார். அவர் காத்தது நம் பாட்டியும் பிள்ளைகளும் உறங்கிய லயம். பதக்கத்தின் முகத்தில் இருப்பது அரசரின் தலை. அதன் விளிம்பில் இருப்பதோ நம்மவரின் பெயர். நாம் காக்க வேண்டியது அந்தப் பெயரையே.

பெயரின் அருமையை அறிய வேறோர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம். ஜப்பான் காலத்தில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், சயாம் மரண ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டனர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவருள் மிகப் பலருக்கோ கல்லறையும் இல்லை, பதக்கமும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. பெயர் இல்லாததனால், ‘இவர் எங்கள் தாத்தா’ என்று சுட்டிக் காட்ட இன்று பல குடும்பங்களுக்கு எதுவுமே இல்லை. பெயர் பொறித்த ஒரு பதக்கம் கையில் இருந்தும் அதனை எடைக்குப் போடுவது எத்தகைய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம்.

முதலாவது, விளிம்பைப் படியுங்கள். பொதுச் சேவைப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியன பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து சிறிதாயின் பள்ளிப் பிள்ளையின் கண் உதவும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் நிலைமை வேறு: இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெயர் இருக்கும், பிரிட்டிஷ் படையினருக்கு வழங்கியவை பெயர் பொறிக்கப்படாதவை. பெயரில்லாத பதக்கத்திற்கு உடன் உள்ள காகிதமே சாட்சி. எனவே பணிச் சான்றிதழ், பழைய புகைப்படம், கடித உறை எதையும் எறிந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, தேய்க்காதீர்கள். நம் தாய்மார்கள் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளக்கத் துலக்குவார்கள். விளக்குக்கு அது நன்று. பதக்கத்திற்கு அது கேடு. தேய்க்கத் தேய்க்க விளிம்பின் எழுத்து மழுங்கும். மெருகுப் பசையும் வேண்டாம். உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். வெள்ளி கறுத்திருப்பது குற்றமன்று.

மூன்றாவது, ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். நாம் வெட்டும் பாலிலிருந்து வளையம் செய்யும்போது அதில் கந்தகம் சேர்க்கின்றனர். அக்கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். வளையம் நாளடைவில் இளகி, ஒட்டிக்கொள்ளவும் கூடும். துவைத்து நன்றாக உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். நம் நாட்டின் காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நான்காவது, நாடாவைத் துவைக்காதீர்கள், சாயம் கலங்கிவிடும். நைந்துபோனாலும் எறியாதீர்கள். இன்ன பதக்கத்திற்கு இன்ன நிறம் என்பது முறை. பதக்கம் தொலைந்த பின்னும் நாடாவின் நிறம் உண்மையைச் சொல்லும். புதிய நாடா மாற்றினால் பழையதை உடன் வையுங்கள்.

ஐந்தாவது, பங்கு பிரிக்காதீர்கள். ஒருவர் பெற்ற பதக்கங்கள் ஒன்றாக இருந்தால்தான் அவர் பணியின் கதை முழுமையாகும். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று பிரிப்பதை விட, ஒருவர் பொறுப்பில் வைத்து மற்றவர்க்குப் புகைப்படம் கொடுப்பது நலம். தாம் பெறாத பதக்கத்தை இடப்புற மார்பில் அணிதல் முறையன்று. பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் மறைந்தவரின் உறவினர் நினைவு நாட்களில் வலப்புறம் அணிவது வழக்கம்.

வைத்துக் காக்க எவரும் இல்லையெனில் என் செய்வது? போர்ட்டிக்சனில் இராணுவ அரும்பொருளகமும், கோலாலம்பூரில் போலீஸ் அரும்பொருளகமும் உள்ளன. முதலில் கடிதம் எழுதிக் கேளுங்கள். எல்லாப் பொருளையும் ஏற்க அவற்றால் இயலாமற் போகலாம். ஏற்றால், யாருடைய பதக்கம், யார் கொடுத்தது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விற்பது உங்கள் உரிமை. அதில் நாம் குறுக்கிட மாட்டோம். ஆயினும் பழைய சாமான் வாங்குபவர் வெள்ளியின் எடைக்கு மட்டுமே விலை பேசுவார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இவை அனைத்திலும் தலையாயது எழுதி வைத்தல். தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன, லயங்கள் இடிக்கப்படுகின்றன, குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்கின்றன. சாமான்களைக் கட்டும் அவசரத்தில் முதலில் குப்பைக்குப் போவது பழைய தகரப் பெட்டிதான். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பெயர், எண், பிரிவு, பணி செய்த இடம், ஆண்டு, இச்செய்தியைச் சொன்னவர் யார் என்பவற்றை எழுதுங்கள். பதக்கத்தோடு ஒரு படியும், வேறு வீட்டில் ஒரு படியும் இருக்கட்டும்.

பதக்கம் இல்லாத வீட்டாரும் எழுதுங்கள். சயாமுக்குச் சென்று திரும்பாதவரின் பெயரையும், 1943இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவரின் பெயரையும் எழுதுங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் இப்பக்கமும் மற்றவர் அப்பக்கமும் நின்றிருக்கலாம். தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. பெயரை இழக்காதிருப்பதே நம் வேலை.

ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாளை நம் நாடு வீரர் நாளாகக் கொண்டாடுகின்றது. அந்நாள் வருமுன் உங்கள் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் எண்பதைக் கடந்த பெரியவர் இருந்தால், பெட்டியைத் திறக்கும் முன் அவரருகே அமர்ந்து கேளுங்கள். பெட்டி காத்திருக்கும், அவர் காத்திருப்பார் என்பது உறுதியில்லை.