குழுவைப் பிரிக்காத ஆய்வுக்கூடம்



ஓர் உயிரின் அறிவை அளக்க விரும்புவோர், அளக்கும் இடத்தை முதலில் செம்மையாக அமைத்தல் வேண்டும். குரங்கின ஆராய்ச்சியின் வரலாறு இதனை நமக்குத் தெளிவுறுத்துகின்றது.

1950, 1960ஆம் ஆண்டுகளை ஒட்டி, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பார், தனிமையின் விளைவை அறியும்பொருட்டு ரீசஸ் குரங்குக் குட்டிகளைத் தாயினின்றும் பிரித்து, சிலவற்றை முற்றிலும் தனியே அடைத்து வளர்த்தார். அவை தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின. பின்னர்க் கூட்டத்திற் சேர்த்தபொழுது அஞ்சி ஒதுங்கின. அவ்வச்சம் குரங்கின் இயல்பன்று. கூண்டு விளைத்த கேடு.

அவ்வாறாயின் குழுவாக வாழவிட்டே சோதிக்கலாமே என்போம். ஆனால் கூட்டத்தின் நடுவே ஒவ்வொன்றின் திறனையும் தனித்தனியே அளப்பது எங்ஙனம்?

தென் பிரான்சின் ரூசே என்னும் ஊரில் ஜோயல் ஃபாகோவும் அவர்தம் குழுவினரும் இதற்கு வழி கண்டனர். பபூன் குரங்குகள் ஒன்றாக வாழும் அடைப்பை ஒட்டி, தொடுதிரை பொருத்திய 10 சிற்றறைகளை நிறுவினர். குரங்கு தானே விரும்பி உட்புகும். அதன் கையிற் பொதிந்த நுண்சில்லைக் கணிப்பொறி படித்து, வந்தது எதுவென அறிந்து, அதற்குரிய பாடத்தைக் காட்டும். விடை சரியாயின் கோதுமை மணிகள் விழும். விருப்பமில்லையேல் அது வெளியேறிக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். ஒரே அறை இருப்பின் வலியதே அதைக் கைப்பற்றும். அறைகள் பலவாயின் மெலிந்ததற்கும் இடம் கிட்டும்.

இவ்வமைப்பின் பயன் பெரிது. ஆங்கிலத்தின் நான்கெழுத்துச் சொற்களைப் பொருளற்ற எழுத்துக் கோவைகளினின்றும் 6 குரங்குகள் ஏறத்தாழ 75 விழுக்காடு சரியாகப் பிரித்தறிந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டிற்று. டான் என்னும் குரங்கு 308 சொற்களைக் கற்றது. எக்குரங்கு எதன் அருகில் அமர்கின்றது என்னும் பதிவுகளைக் கொண்டே குழுவின் உறவுகளையும் ஆராய்ந்தனர். சமூகம், தனித்திறன் ஆகிய இரண்டையும் ஒரே கூடம் உணர்த்தியது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ விலங்குக் காட்சிச்சாலையில் 2008இல் திறக்கப்பெற்ற கூடமும் இந்நெறியதே. கபுச்சின் குரங்குகளும் அணில் குரங்குகளும் அங்கு ஒரே வளாகத்தில் வாழ்ந்து, விரும்பியபொழுது ஆய்வறைக்குள் வந்து செல்லுமாறு அதனை அமைத்தனர்.

இளைஞர்களே! நாளை உங்களிற் சிலர் ஆய்வுக்கூடங்களிற் பணிபுரிவீர்கள். சிலர் புதியன அமைப்பீர்கள். எவ்வளவையைக் கண்டாலும், அஃது எத்தகைய அறையில் எடுக்கப்பட்டது, அவ்வறையின் கதவு திறந்திருந்ததா என்று முதலில் வினவுங்கள். அதன் பின்னரே அதனை உண்மையெனக் கொள்வோமாக.