பணமும் மனமும்

நூறு ரூபா எவ்வழியில் வந்தாலும் நூறு ரூபாவே என்பது கணக்கு நூலின் முடிபு. மனித மனமோ அம்முடிபை எளிதில் ஏற்பதில்லை.

நம் வீடுகளையே நோக்குவோம். உழைத்துப் பெற்ற ஆயிரம் ரூபாவைப் பலமுறை எண்ணிச் செலவிடுபவர், அதிர்ஷ்டலாபச் சீட்டில் விழுந்த ஆயிரத்தை அன்று மாலையே கரைத்துவிடுகின்றார். நேர்த்திக்கடனுக்கென உண்டியலிற் சேர்த்த பணம் அப்படியே இருக்க, பிள்ளையின் படிப்புச் செலவிற்காகத் தாயின் காப்பு அடைவுக்குப் போகின்றது. உண்டியற் பணம் வட்டி ஈட்டுவதில்லை; அடைவுக்கோ மாதந்தோறும் வட்டி ஏறுகின்றது.

பணத்திற்கு மனம் இவ்வாறு வெவ்வேறு பெயரிட்டு வெவ்வேறு அறைகளிற் பூட்டிவைக்கும் இயல்பை, அமெரிக்கப் பொருளியலறிஞர் ரிச்சாட் தேலர் 1985ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விளக்கினார். 2017இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வியல்பு முழுவதும் மடமையன்று. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த பணமே எத்தனையோ குடும்பங்களை நோய்க் காலத்திற் காத்தது. வேலி பயிரைக் காக்கும். ஆனால், பயிர் வாடும்போது நீரை மறிக்கும் வேலியால் யாது பயன்?

இதனினும் நுட்பமான மயக்கம் ஒன்றுண்டு. பணத்தின் எண்ணைக் கண்டு அதன் வலுவை மறப்பதே அது. ஏர்விங் ஃபிஷர் என்னும் அறிஞர் 1928இல் இதனைப் பற்றி ஒரு நூலெழுதிப் ‘பண மாயை’ எனப் பெயரிட்டார்.

அம்மாயையை இலங்கையர் 2022இற் பட்டறிந்தனர். ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தினும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது.

ஒருவர் ஓரிலட்சம் ரூபாவை 20 வீத வட்டிக்கு வைப்பிலிட்டார் எனக் கொள்வோம். ஆண்டு முடிவில் அவர் கையில் 1,20,000 ரூபா. முன்பு ஓரிலட்சத்திற்கு வாங்கிய பொருள்களின் விலையோ 1,70,000 ரூபா. வங்கிப் புத்தகத்தில் ஒரு சதமும் குறையவில்லை. அடுப்படியிலே பத்திற்கு மூன்று பங்கு குறைந்துவிட்டது. வங்கியே 30,000 ரூபாவைக் கழித்திருந்தால் அவர் கொதித்தெழுந்திருப்பார். விலை கழித்தபோதோ, எவர்மீது சினப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அச்சினம் பெரும்பாலும் வீட்டிற்குள்ளேயே பாய்கின்றது. “சென்ற மாதம் இதே பணம் போதியதே!” என்று கணவன் கடிகின்றான். குற்றம் விலையினது, ஏச்சு மனைவிக்கு. செலவை அறியாதவளென அவள் தன்னையே நொந்துகொள்கின்றாள்.

ஆகவே நேயர்களே, மாதத்தில் ஒரு நாள் கணவனும் மனைவியும் ஒன்றாயமர்ந்து, உண்டியல், அடைவுச் சீட்டு, வைப்புப் புத்தகம் மூன்றையும் ஒரே பாயிற் பரப்பிப் பாருங்கள். எத்தனை ரூபா இருக்கின்றது என எண்ணியபின், அது எத்தனை நாட் சோறு என்றும் கேளுங்கள். அக்கேள்வி பணத்தைப் பெருக்காது. வீண் பழியைப் போக்கும்.