மண்ணும் ஒரு திருமேனி



எண்பேருருவினனாகிய எம்பெருமானுக்கு நிலமும் ஒரு திருமேனி. காஞ்சியில் அவன் மண் இலிங்கமாகவே எழுந்தருளியிருக்கின்றான். ஆதலின் நிலத்தைப் பேணுதலும் சிவத்தொண்டேயாம்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையோர வயல்களில் கடல்நீரைப் பாய்ச்சிற்று. பயிர் கருகியது, நிலம் உவரேறியது. இனி இம்மண் விளையுமோ என உழவர் கலங்கினர். அப்பொழுது இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வார் அவர்களுக்குத் துணைநின்றார். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கினால் உப்புக் கரைந்து கீழிறங்கும். பின்னர் உவரைத் தாங்கி வளரும் தக்கைப்பூண்டை விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். அதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கவர்ந்து தரும். மட்கிய தழை மண்புழுவுக்கு உணவாகும். புழு துளைத்த மண்ணில் நீர் இறங்கும், வேர் மூச்சுவிடும். நிலம் மீண்டும் நெல் ஈந்தது.

இதன் உட்பொருள் யாது? மண்ணுக்கும் பசியுண்டு. தழையும் எருவும் இடாது விளைச்சலை மட்டும் கேட்பது, தீனியிடாது பசுவின் மடியைப் பிழிவதை ஒக்கும்.

இளையான்குடிமாற நாயனார், அடியார் பசி தீர்க்க, நள்ளிரவு மழையில் தாம் விதைத்த முளைநெல்லை வாரி வந்தார். அனைத்தும் இழந்த வறுமையிலும் அவருக்கு வாரிவர ஒரு வயல் இருந்தது. நம் மக்கட்கு அத்தகைய வயலை நாம் வைத்துச் செல்வோமா?

திருக்கோயில் நிலங்களைக் குத்தகைக்கு உழும் அன்பர்களே! நடவுக்கு முன் ஒருமுறை தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுமாறு வேண்டுகின்றேன். பெருமானுக்குப் படைக்கும் திருவமுது, அவன் திருமேனியை வருத்தாது விளைந்ததாக அமையட்டும்.

திருச்சிற்றம்பலம்.