அசைவைச் செப்பம் செய்யும் கல்வி



அனிமேஷன் என வழங்கும் அசைவூட்டக் கலையில், கணிப்பொறி கொண்டு பாத்திரங்களின் அசைவைச் செப்பம் செய்யக் கற்பது எங்ஙனம் என்பதை இவ்வெள்ளி விழாவில் எடுத்துரைக்க விழைகிறேன்.

கணிப்பொறியே பாத்திரத்தை நடக்கவைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவற்றுள் முதன்மையான சில நிலைகளைக் கலைஞர் அமைக்கிறார். அவற்றைக் 'கீ பிரேம்' என்பர். இடைப்பட்ட படங்களைக் கணிப்பொறி கணக்கிட்டு நிரப்புகிறது. ஆனால் அதற்கு எடை தெரியாது. களைப்பும் தயக்கமும் தெரியா. அது நிரப்பிய நடை நீரில் மிதப்பது போலத் தோன்றும். அதனை மனித நடையாக்குவதே செப்பம் செய்தல்.

பயிற்சி ஒரு பந்திலிருந்து தொடங்குகிறது. மேலெழும் பந்து உச்சியை நெருங்குகையில் வேகம் குறைகிறது. அங்கே படத்துக்குப் படம் அது நகரும் தொலைவு சிறிது. தரையை நெருங்குகையில் அத்தொலைவு பெரிது. துள்ளலின் உயரத்தையும் கால அளவையும் மாற்றினால், அதே உருண்டை ரப்பர் பந்தாகவும் தோன்றும். இரும்புக் குண்டாகவும் தோன்றும்.

அடுத்தது நடை. இயல்பான நடையில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 12 படங்கள். குதிகால் ஊன்றுதல், உடல் தாழ்தல், மறுகால் கடத்தல், உடல் உயர்தல் என நான்கு நிலைகள். இவற்றை அமைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். குறை கண்டு திருத்த வேண்டும். மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் இடுப்பும் முதுகும், பின்னர் கைகால்கள், இறுதியில் விரலும் ஆடையும் என முறையாகத் திருத்துவோரே முன்னேறுவர்.

1981ஆம் ஆண்டில், டிஸ்னி நிறுவனக் கலைஞர்களான பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் இக்கலையின் 12 நெறிகளை நூலாகத் தந்தனர். 1986இல் ஜான் லாசெட்டர் இயக்கிய 'லக்சோ ஜூனியர்' குறும்படத்தில் வருபவை இரண்டு மேசை விளக்குகளே. அவற்றுக்கு முகமில்லை. எனினும் அவற்றின் அசைவில் பெற்றோரும் பிள்ளையும் நமக்குப் புலப்படுகின்றனர். கையால் வரையும் கலையின் நெறிகள் கணிப்பொறிக்கும் பொருந்தும் என 1987இல் அவர் கட்டுரை வாயிலாக விளக்கினார். முழுநீளக் கணிப்பொறி அசைவூட்டப் படமாக 'டாய் ஸ்டோரி' 1995இல் வெளிவந்தது.

இளைஞர்களே! இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். உயிரற்ற விளக்குக்கு அசைவு குணத்தைத் தருமாயின், மனித உருவுக்கு அது எதைத் தராது? ஏவலாள் என்றால் முதுகு வளைந்திருக்க வேண்டும், பார்வை தாழ்ந்திருக்க வேண்டும் என்று காட்டும் படங்களை நாம் கண்டிருக்கிறோம். அம்முதுகை வளைப்பதும் நிமிர்த்துவதும் அசைவை அமைப்பவரின் கையில் உள்ளன. அக்கை நம்முடையதாகவும் இருக்க வேண்டாமா?

தலைச்சுமையுடன் நடப்பவரின் தலை அசைவதில்லை. அசைவையெல்லாம் இடுப்பும் முழங்காலும் ஏற்கின்றன. இதனை நூலில் படிக்குமுன்பே நம் வீட்டில் கண்டவர்கள் நாம். சுமந்தது பெருமையன்று; ஆனால் சுமையின் உண்மையை அறிந்த கண் நமது உடைமை. அக்கண்ணுக்குப் பயிற்சி வேண்டும்.

அச்சுப்பொறி ஓர் ஆற்றலாக விளங்கிய காலத்தில், 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பிறர் நம்மைப் பற்றி எழுதட்டும் என அவர்கள் காத்திருக்கவில்லை. இன்றைய கருவி கணிப்பொறி. 'பிளெண்டர்' என்னும் மென்பொருள் 2002 முதல் கட்டற்ற மென்பொருளாக, கட்டணமின்றிக் கிடைக்கிறது.

எனவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இப்பயிற்சிக்கென மாலை வேளைகளில் ஒரு கணிப்பொறியையேனும் ஒதுக்குங்கள். மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பந்து சரியாகத் துள்ளாவிடில் இக்கலை நமக்கு வராது என்று எழுந்துவிடாதீர்கள். இது பிறப்பால் வருவதன்று. திருத்தத் திருத்த வருவது.